குற்றவாளி டர்போதானா?

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் முன்பெல்லாம் பேச்சு எதைச் சுற்றி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா? பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? நல்ல இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கிறது? இந்த மூன்றோடு இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. காரும் அதற்கு ஆகும் வைத்தியச் செலவும்தான் அது.

இதை வசதி படைத்தவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர மாமன், மச்சான், சித்தப்பா என்று ஆள் இல்லாத ஊரில் குடியிருக்கிறோம். நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் வாசலில் நிற்கும் அந்தப் பழைய வண்டிதான் நமக்கு உறவு. விடுமுறையில் ரயில் சீட்டு கிடைக்காதபோது கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என்று இரண்டு நாள் ஓடி, புனேயிலிருந்து நம்மை ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். அது ஒருநாள் காலையில் கிளம்ப மறுத்தால் வீடே நின்றுபோகிறது.

அப்படிக் கிளம்ப மறுக்கும் வண்டிகளைப் பற்றி ஒரே மாதிரியான புகார் அடிக்கடி காதில் விழுகிறது. "செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஒர்க்ஷாப்பில் கேட்டால் டர்போ போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம்." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் கிளம்பாத வண்டியில் டர்போ குற்றவாளியாக இருப்பது மிக அபூர்வம். இருந்தும் முதல் பழி அதன்மேல் விழுகிறது. விசாரணை இல்லாமலே தீர்ப்பு சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு மெக்கானிக் பாதி காரணம் என்றால், வண்டிக்காரர்களாகிய நாம் மீதிப் பாதி.

டர்போ செய்யும் வேலை

முதலில் டர்போ என்பது என்ன என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், சிறிய எஞ்சினில் பெரிய சக்தி கிடைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சாதாரண மக்கள் வாங்கும் காரில் இது வந்தது 1962-இல், அமெரிக்காவில். நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த வரவில் பெரும்பங்கு ஒரே ஒரு எஞ்சினுக்கு உண்டு. ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டர்போ டீசல் அது. கொள்ளளவு 1248 சி.சி. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ என்று பல பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இதே எஞ்சின்தான் ஓடியது. இதை 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மாருதிக்கு ஹரியானாவில் உள்ள மானேசரிலும், ஃபியட்டுக்கும் டாடாவுக்கும் நம் புனே மாவட்டத்து ரஞ்சன்காவிலும் இதைத் தயாரித்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்தபோது புதிய கார்களிலிருந்து இது விடைபெற்றது. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் நம்மவர் பலர் வாங்குவது இதைத்தான். ஆகவே இதையே எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறேன். பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் இரண்டு வார்த்தை உண்டு.

இப்போது கேள்விக்கு வருவோம். சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 200, 250 சுற்று என்ற அளவில்தான் சுற்றுகிறது. எஞ்சின் உள்ளே இன்னும் தீ பற்றவில்லை. புகை இல்லை. டர்போவின் சக்கரமோ முழு வேலையில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே போகிற ஜாதி. அதை அசைக்கும் அளவுக்குக் கூட அப்போது காற்றோட்டம் இருப்பதில்லை. அதாவது, கிளம்பும் அந்த நொடியில் டர்போ வண்டியும் டர்போ இல்லாத வண்டியும் ஒன்றுதான். இரண்டும் தானாக உறிஞ்சும் காற்றை வைத்தே கிளம்ப வேண்டும். டர்போ பழுதானால் இழுவை குறையும், கரும்புகை தள்ளும், எண்ணெய் குடிக்கும், விசில் அடிக்கும். ஆனால் வண்டி பெரும்பாலும் கிளம்பும்.

முதலில் காதால் கேளுங்கள்

வண்டி கிளம்பவில்லை என்றால் பானெட்டைத் திறப்பதற்கு முன் செல்ஃப் சுற்றும் ஓசையைக் கேளுங்கள். வீட்டில் இன்னொருவரை சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்று கேட்பது இன்னும் நல்லது.

ஓசை சோம்பலாக, இழுத்து இழுத்து வந்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிகூட செல்ஃப் சுற்றும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்யாது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு.

ஓசை வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாத ராட்டினம் போல விர்ரென்று ஒரே சீராக வந்தால் உடனே சாவியை விட்டுவிடுங்கள். எஞ்சினுக்குள் காற்று அமுங்கவில்லை என்று பொருள். டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மேலே சொன்ன 1.3 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. செயினும் தளரும், தாண்டும். எச்சரிக்கை ஒன்றுதான்.

ஓசை வழக்கம்போலவே 'ரிக், ரிக், ரிக்' என்று தாளம் தவறாமல் வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்தான் நம் விஷயம் தொடங்குகிறது. பேட்டரி, செல்ஃப், காற்று அமுக்கம் மூன்றும் ஏறத்தாழ சரி. இனிப் பார்க்க வேண்டியவை எரிபொருள், மின் சமிக்ஞை, திருட்டுத் தடுப்பு ஆகியவைதான்.

செலவில்லாத சோதனைகள்

முதலாவது, மீட்டர் பலகையைப் பாருங்கள். சாவியோ பூட்டோ போட்ட ஒரு சின்ன விளக்கு விடாமல் மின்னுகிறதா? அப்படியானால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பல வண்டிகளில் அந்த நிலையிலும் செல்ஃப் சுற்றும், எரிபொருள் மட்டும் வராது. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியும் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, டீசல் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெளுத்த, டீசல் வாடை அடிக்கும் புகை வந்தால் எரிபொருள் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதாது, அல்லது அமுக்கம் போதாது. புகையே இல்லை என்றால் எரிபொருள் உள்ளே போகவே இல்லை. எந்தக் கருவியும் இல்லாமல் பாதி விசாரணை இதில் முடிந்துவிடுகிறது. ஒர்க்ஷாப்புக்கு ஃபோன் செய்யும்போது இந்த ஒரு தகவலைச் சொன்னால் அவர் எதை எடுத்து வர வேண்டும் என்பதே மாறிவிடும்.

மூன்றாவது, கடைசியாக என்ன வேலை நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நேற்று டீசல் ஃபில்டர் மாற்றினீர்களா? ரிவர்ஸ் கேமராவோ டிராக்கரோ பொருத்த ஒயரை வெட்டி ஒட்டினார்களா? எரிபொருள் எங்கே போட்டீர்கள்? வண்டி ஒரு மாதம் நின்றிருந்து, எலி ஒயரைக் கடித்திருக்குமா? விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் வீட்டு வண்டிகளுக்கு எலி ஒரு பெரிய விரோதி.

நான்காவது, பியூஸும் ரிலேயும். ஒரே மாதிரியான இரண்டு ரிலேக்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

செய்யக்கூடாதவையும் உண்டு. பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியில் ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். அது உள்ளே வெடித்து எஞ்சினை உடைக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளுவதிலும் பயன் இல்லை. தள்ளுவது செல்ஃப் செய்யும் அதே வேலைதான்.

எரிபொருள் எங்கே நிற்கிறது?

இந்த 1.3 எஞ்சினில் எரிபொருள் போகும் முறைக்குக் காமன் ரெயில் என்று பெயர். ஒரு பம்ப் டீசலை உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் நிரப்பி வைக்கிறது. அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்கள், நம் மெக்கானிக்குகள் வாயில் நாசில்கள், கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் திறந்து பீய்ச்சுகின்றன. முழு வேலையில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். கிளம்புவதற்கு ஏறத்தாழ 200 முதல் 250 பார் வேண்டும். அந்த அளவு எட்டாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்காது. செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள். செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் சுற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது? குழாயில் அழுத்தம் எவ்வளவு?

சுற்று பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றுவதே தெரியாதபோது கம்ப்யூட்டர் எதை எப்போது திறக்கும்? இந்தச் சென்சார் சூடேறினால் செத்து, ஆறினால் பிழைக்கும் குணம் உடையது. நெடுஞ்சாலையில் டீ குடிக்க நிறுத்திய வண்டி கிளம்பாமல், முக்கால் மணி கழித்துத் தானே கிளம்பினால் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் போக வேண்டும்.

சுற்று சரியாக இருந்து அழுத்தம் ஏறவில்லை என்றால் டாங்க்கிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கிறதா? அதில் தண்ணீர் நிற்கிறதா? எங்காவது ரப்பர் வளையம் வெடித்துக் காற்று இழுக்கிறதா? டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே நுழையும். ஒரு துண்டு கண்ணாடிக் குழாயை நடுவில் மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்ஜெக்டர்கள். நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களிலும் நான்கு சிறு புட்டிகளை மாட்டி செல்ஃப் அடித்தால், எதில் அதிகம் வழிகிறதோ அது தேய்ந்தது. ஒரே ஒரு இன்ஜெக்டர் கசிந்தாலும் பொது அழுத்தம் இறங்கி நான்கும் வேலை செய்யாமல் போகும். நான்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் இந்தப் புட்டிச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். அதிலும் தப்பினால்தான் அழுத்தச் சீராக்கி வால்வும், உயரழுத்தப் பம்பும்.

இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. மலிவானதும் எளிதில் பார்க்கக்கூடியதும் முன்னால், விலை உயர்ந்தது பின்னால். இன்னொரு நியாயமும் உண்டு. நான்கு சிலிண்டரும் ஒரே இரவில் சேர்ந்து நின்றால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். நான்கு இன்ஜெக்டரோ நான்கு ஹீட்டர் பிளக்கோ பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சாவதில்லை. ஹீட்டர் பிளக் விஷயத்தில் நாம் இருக்கும் ஊரையும் பார்க்க வேண்டும். டெல்லி ஜனவரிக் குளிரில் அது இல்லாமல் எஞ்சின் முரண்டு பிடிக்கும். புனேயின் மே மாதத்தில் கிளம்பாத வண்டிக்கு ஹீட்டர் பிளக் மாற்றச் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கும் தர்க்கம் இதேதான். சாவியைப் போட்டதும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு நொடி 'ஊம்' என்று பம்ப் ஓசை கேட்கிறதா, பிளக்கில் தீப்பொறி இருக்கிறதா என்பது கூடுதல் கேள்வி. மூன்று காயில்களும் சேர்ந்து இறப்பதில்லை, அவற்றுக்கு மின்சாரம் தரும் பொது ரிலேயைப் பாருங்கள். பலமுறை அடித்ததில் பெட்ரோல் வாடை வந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒருமுறை செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் அப்போது எரிபொருளை நிறுத்தி, காற்றால் உள்ளே உலர்த்தும்.

டர்போவும் அதன் குழாய்களும் முழுக்க நிரபராதி என்று சொல்ல வரவில்லை. காற்றளவு மீட்டருக்குப் பின்னால் டர்போவின் ரப்பர் குழாய் முழுவதும் கழன்றிருந்தால் சில பெட்ரோல் எஞ்சின்கள் பிடித்து உடனே அணையும். புகைக்குழாயில் உள்ள மாசுகட்டி முற்றிலும் அடைத்திருந்தாலும் எஞ்சின் மூச்சு விட முடியாமல் நிற்கும். டர்போவின் எண்ணெய் சீல் போய் உட்குழாயில் எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தால் அது ஆபத்தானதே. ஆனால் இவை எல்லாம் குழாயைக் கழற்றிக் கண்ணால் பார்க்கக்கூடியவை. பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தண்ணீருக்குப் பின் சாவியைத் தொடாதீர்கள்

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டி அது. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் உறவினர் வீட்டு வாசல்களில் கார்கள் மூழ்கியதையும் பார்த்தோம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் உள்ளே இருக்கும் கம்பிகள் வளைந்துவிடும். டர்போ வண்டியில் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி பெரும்பாலும் தாழ்வாக இருப்பதால் அதிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் வரவழையுங்கள். வெள்ளத்துக்குப் பின் நாமே செல்ஃப் அடித்து எஞ்சின் கெட்டால் வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டிக்குக் காசு, புத்திக்கு இல்லையா?

சென்ற மழைக்காலத்தில் நம்மைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய 1.3 டீசல் வண்டி. ஒருநாள் காலை செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். 'பி 0299' என்று ஒரு எண் வந்தது. டர்போ அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். உடனே தீர்ப்பு வந்துவிட்டது. டர்போ மாற்ற வேண்டும், இன்ஜெக்டரும் சந்தேகம், செலவு அரை லட்சத்தைத் தாண்டும். பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அந்த வீட்டு அம்மாள் இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டாவதாக வந்தவர் அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தார். அந்த எண் திரும்ப வரவில்லை. என்றோ ஒருநாள் குழாய் தளர்ந்தபோது பதிந்த பழைய கதை அது. அழுத்தம் நூறு பாரைக்கூடத் தொடவில்லை என்று பார்த்தார். கண்ணாடிக் குழாய் மாட்டினார். குமிழி குமிழியாகக் காற்று. ஃபில்டர் தலையில் ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வளையத்தை மாற்றி, காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பிவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அந்த இரண்டாமவர் இரண்டு மணி நேரக் கூலி கேட்டார். வீட்டு ஐயா உடனே, "ஒரு ரப்பர் வளையத்துக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசினார். இங்கேதான் நம் பங்கு வருகிறது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் பணம் கட்டுகிறோம். நோய் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தால் சந்தோஷப்படுகிறோமே தவிர, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. மெக்கானிக் மட்டும் தேடிப் பார்த்ததற்குக் கூலி கேட்டால் நமக்குக் கசக்கிறது. நானா பேட்டையிலிருந்து பளபளப்பான பெட்டியில் ஒரு பாகம் வந்தால் அதற்குப் பணம் கொடுக்க மனம் ஒப்புகிறது. கையில் பெட்டி இருக்கிறது அல்லவா? புத்தியைச் செலவழித்தவருக்குக் காசு இல்லை, பெட்டி விற்றவருக்குத்தான் காசு என்றால், அவரும் பிழைக்க வேண்டுமே, பெட்டியைத்தான் விற்பார். ஒன்றை மாற்றிப் பார்த்து, சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றிப் பார்க்கும் இந்த வைத்தியத்தை வளர்த்தவர்களில் நாமும் உண்டு.

சிலர் கம்பெனி ஒர்க்ஷாப்புக்குப் போனால் கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் குற்றவாளியைக் காட்டாது, குற்றம் நடந்த தெருவைத்தான் காட்டும். 'பி 0335' என்று வந்தால் கிராங்க் சென்சார் பாதையில் கோளாறு. சென்சாரா, ஒயரா, இணைப்பா என்பதை மீட்டர் வைத்து மனிதன்தான் பார்க்க வேண்டும். 'பி 0087' என்றால் குழாயில் அழுத்தம் குறைவு. அது ஏன் குறைந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எண்ணே வராமலும் வண்டி நிற்கும். வேறு சிலர், பழைய மிஸ்திரிக்கு இந்தக் கருவியெல்லாம் வேண்டாம், காதே போதும் என்கிறார்கள். அந்தக் காதுக்கு என் வணக்கம். ஆனால் 250 பாருக்கும் 150 பாருக்கும் உள்ள வேறுபாடு எந்தக் காதுக்கும் கேட்காது. காதும் வேண்டும், கருவியும் வேண்டும்.

நமக்கு இன்னொரு தடை மொழி. பாஷை சரியாக வராத கூச்சத்தில், மெக்கானிக் சொன்னதற்கெல்லாம் "டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் புலம்புகிறோம். இதற்குப் பெரிய இலக்கணம் வேண்டியதில்லை. செல்ஃப், நாசில், ஃபில்டர், ரிலே என்ற சொற்கள் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒன்றுதான். "செல்ஃப் பராபர் கூம்தா ஹை, லேகின் இஞ்சின் ஸ்டார்ட் நஹீன் ஹோதா" என்று இந்தியில் சொல்லத் தெரிந்தால் நோயைச் சொல்லியாயிற்று. "ஆதி தபாஸா, மக பதலா" என்று மராத்தியில் ஒரு வாக்கியம். 'முதலில் சோதியுங்கள், பிறகு மாற்றுங்கள்' என்று பொருள். கடுமையாகச் சொல்ல வேண்டாம். "தாதா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சோதனைக்கு என்ன கூலி என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி ஒன்றிலேயே எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மூன்று கோரிக்கைகள்

வாசக அன்பர்களுக்கு என் கோரிக்கை மூன்று. ஒன்று, வண்டியைக் கொடுக்கும்போதே சோதனைக் கூலியைத் தனியாகப் பேசுங்கள், கோளாறு சிறிதாக இருந்தாலும் அதைக் குறைக்காமல் கொடுங்கள். இரண்டு, விலை உயர்ந்த எந்தப் பாகத்தையும் மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது தவறு என்று தெரிந்தது என்பதை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். சுற்று எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். எழுதத் தயங்கினால் நீங்களும் பணம் கொடுக்கத் தயங்கலாம். மூன்று, மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரத்த தானம் செய்வோர், தமிழ் தெரிந்த டாக்டர்கள், திருமணத்துக்குச் சமையல்காரர்கள் என்று நம் சங்கத்தில் பட்டியல் வைத்திருக்கிறோம். சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசும் மெக்கானிக்குகளின் பட்டியல் ஒன்றும் சேரட்டும். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்பதில்லை. மராத்தியரோ, முஸ்லிமோ, சர்தார்ஜியோ, யாராக இருந்தாலும் சரி. உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். யார் மலிவு என்று எழுத வேண்டாம், யார் காரணம் சொன்னார் என்று எழுதுங்கள்.

மேலே சொன்ன குடும்பத்து ஐயா பேரம் பேசியதை அந்த அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்ட கூலியை முழுதாகக் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினாராம். இப்போது அந்தத் தெருவில் யார் வண்டி நின்றாலும் அந்த மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படி ஓர் ஆள் கூப்பிட்டால் வருவார் என்ற தைரியம் வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சிறிய விஷயம் இல்லை. அதை இரண்டு மணி நேரக் கூலிக்குச் சம்பாதித்துக் கொள்ளலாம் என்றால் விலை மலிவுதான்.